நெடுந்தீவில் குடியேறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு ஆண்டுகள், யாழ்ப்பாணக் கடலில் இருக்கும் நெடுந்தீவில் ஆசிரியையாக இருந்தேன். அரசாங்கக் கணக்கில் அது அதிகஷ்டப் பிரதேச சேவை. முதல் இரண்டு ஆண்டுகளும் அந்தச் சொல் எனக்குச் சரியாகவே பட்டது. பிறகு இடமாற்றக் கடிதம் வந்தபோது தீவின் படகுத்துறையான மாவிலித்துறையில் பெட்டியோடு நின்று அழுதேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே இருப்பதைப் படிக்கிறவர்கள் நான் தீவை வெறுப்பவள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்போது வேலணையில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து, நெடுந்தீவுப் படகு புறப்படும் குறிகட்டுவானுக்குப் போகும் பஸ் எங்கள் வீட்டு வாசலால்தான் போகிறது. விடுமுறைக்கு வரும் உறவுக்காரரும் அவர்களுடைய கூட்டாளிகளும் காலையில் அந்த வழியாகப் போய் நெடுந்தீவைப் பார்த்துவிட்டு, மாலையில் எங்கள் வீட்டில் தேநீர் குடிக்க இறங்குவார்கள். முகம் வெயிலில் கறுத்திருக்கும், கண் பளபளவென்றிருக்கும். “அக்கா, அங்கே ஒரு துண்டுக் காணி வாங்கிப் போட்டால் என்ன?” என்று யாராவது கேட்காத மாதம் இல்லை. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

சுற்றிப் பார்த்தபோது மிகவும் பிடித்துவிட்டது. முடிவெடுக்க இது போதாதா?

எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். காலைப் படகில் போகிறவர்கள் பத்து மணிவாக்கில் இறங்குவார்கள். ஒரு ஆட்டோவையோ பட்டா என்னும் சிறு லொறியையோ பிடித்து ஒல்லாந்தர் கோட்டை இடிபாடு, புறாக்கூடு, பெருக்கமரம் (பாவோபாப்), வளர்வதாகச் சொல்லப்படும் கல், கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள் என்று ஒரு சுற்று. நடுவில் எங்காவது மீன்குழம்போடு சோறு. பிற்பகல் படகைத் தவறவிடக் கூடாது என்று சாரதி இரண்டு தடவை நினைவூட்டுவார். கூட்டிப் பார்த்தால் நாலு மணி நேரம். அதிலும் எல்லோரும் வருவது கடல் அமைதியாக இருக்கும் நாளில். கொந்தளிக்கும் நாளில் உங்களைப் படகில் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

குடியிருக்கிறவருடைய தீவு, நீங்கள் ஏறிய அந்தக் கடைசிப் படகு போன பிறகு தொடங்குவது. துறையில் சத்தம் அடங்கும், தேநீர்க்கடை பலகை போட்டு மூடும், நாய்கள் தெருவின் நடுவில் வந்து படுக்கும். அதற்குப் பிறகு மறுநாள் காலைவரை உங்களிடம் என்ன இருக்கிறதோ அதுதான் இருக்கிறது: தண்ணீர், மருந்து, விளக்கு, அயலவர். என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் கடற்கரையையும் காணி விலையையும் பற்றியவை. நான் திருப்பிக் கேட்பது, படகு போன பிறகு அங்கே ஒரு இரவாவது தங்கினீர்களா என்பதைத்தான். இதுவரை ஆம் என்று சொன்னவர்கள் இருவர்.

தீவு எவ்வளவு பெரியது? எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். நீளம் எட்டுக் கிலோமீற்றர் அளவில் வரும். ஜே/1 முதல் ஜே/6 வரை ஆறு கிராம அலுவலர் பிரிவுகள், தனிப் பிரதேச செயலகம், பொலிஸ் நிலையம், வைத்தியசாலை எல்லாம் உண்டு. சனம் சில ஆயிரம்தான். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆனது, நயினாதீவு ஹார்லெம் ஆனது. அவையெல்லாம் உதிர்ந்துபோக, நெடுந்தீவுக்கு வைத்த ‘டெல்ப்ற்’ மட்டும் ஒட்டிக்கொண்டது. வெளிநாட்டுப் பயணிகளுக்கு இன்றும் அந்தப் பெயர்தான் தெரியும்.

போக்குவரத்து எப்படி? தினமும் யாழ்ப்பாணம் போய்வர முடியுமா?

முடியும், ஆனால் ஒரு மாதத்தில் களைத்துப்போவீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து கடலில் இன்னொரு மணி நேரம். காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு வழிக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் வங்கியில் பத்து நிமிட வேலை என்றாலும் ஒரு முழுநாள் போய்விடும். அதனால் தீவுக்காரர் ஒருவர் பட்டினம் போகிறார் என்றால் அவருடைய பையில் நாலு வீட்டுச் சிட்டை இருக்கும்: ஒருவருக்குக் கண்ணாடி, ஒருவருக்கு மின்குமிழ், இன்னொருவருக்குப் பேத்தியின் பிறந்தநாள் கேக். கேக்கை மடியில் வைத்துக்கொண்டு அலையில் ஒரு மணி நேரம் வருவது எப்படி என்பதை அனுபவித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

குமுதினி, வடதாரகை, 2017இல் அவுஸ்திரேலிய உதவியோடு வந்த நெடுந்தாரகை, இவை தவிரத் தனியார் படகுகள் என்று பெயர்கள் பல. எந்தப் படகு இன்றைக்கு ஓடுகிறது, எது பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்பதை முதல் நாள் மாலையே விசாரித்துக்கொள்வது அங்கே வாழ்வின் ஒரு பகுதி. அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைப்பதைவிட, துறையில் வேலை செய்யும் ஒருவருடைய தொலைபேசி எண்ணை வைத்திருப்பது மேல்.

படகு அவர்களுக்கு வெறும் வாகனம் அல்ல என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். 1985 மே 15ஆம் திகதி, மாவிலித்துறையிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கைக்குழந்தையும் அதில் அடக்கம். ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் துறையில் நினைவுகூர்கிறார்கள். என் வகுப்பில் படித்த பிள்ளைகளில் சிலருடைய வீட்டுச் சுவரில் அந்தப் படகில் போனவர்களின் படம் தொங்கியது. பிற்பாடும் அதே குமுதினியில் ஏறித்தான் அவர்கள் பட்டினம் போய்வந்தார்கள்.

கடல் கொந்தளித்தால் என்ன ஆகும்?

படகு ஓடாது. அவ்வளவுதான். வைகாசி தொடங்கி, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று எழும்பினால் கடல் முரண்டு பிடிக்கும். ஓடுகிற நாளிலும் உடுப்பு நனையாமல் வந்து சேர மாட்டீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொன்னால் இரண்டு, மூன்று நாள் தொடர்ந்து நின்றுவிடும். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது யாழ்ப்பாணக் குடாநாடே வெள்ளத்தில் கிடந்தது.

அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், மருந்து, மெழுகுதிரி என்று ஒரு வாரத்துக்குக் கையிருப்பு வைத்திருக்கப் பழக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது கஷ்டமாகத் தெரிவதில்லை. அவர்களைத் தடுமாற வைப்பது வேறொன்று: திங்கட்கிழமை கொழும்பில் விமானம், ஞாயிற்றுக்கிழமை கடல் அடிக்கிறது. தீவில் இருப்பவர் எந்தப் பயணத்துக்கும் இரண்டு நாள் முந்தியே யாழ்ப்பாணத்துக்கு வந்துவிடுவார். கல்யாணத்துக்கும் அப்படித்தான், பரீட்சைக்கும் அப்படித்தான்.

வைத்தியசாலை இருக்கிறதா?

இருக்கிறது. காய்ச்சல், காயம், நீரிழிவு மருந்து, பிரஷர் மருந்து என்பவற்றுக்குப் போதும். மாரடைப்பு, பாரிசவாதம், சிக்கலான பிரசவம் என்றால் கடல் தாண்ட வேண்டும். படகில் கொண்டுவந்து, குறிகட்டுவானில் அம்புலன்சுக்கு மாற்றி, யாழ். போதனா வைத்தியசாலைக்கு. இரவில் கடற்படையின் உதவியோடு கொண்டுவருவார்கள். நிலைமை மிக மோசமானால் ஹெலிகொப்டர் வந்த நாட்களும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு “ஹெலிகொப்டரே வருகிறதே” என்று மகிழ்ந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். வராத நாட்களைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நான் நேராகவே சொல்வது: இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தால், இரத்தச் சுத்திகரிப்புத் தேவைப்பட்டால், மாதாந்தக் கிளினிக் இரண்டுக்கு மேல் இருந்தால், நெடுந்தீவை மறந்துவிடுங்கள். பகலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

குடிதண்ணீர்?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்பதில்லை, போத்தல் தண்ணீரோடுதானே போய்வருகிறீர்கள்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கிணற்றில் அளவாக அள்ளினால் நன்னீர். மோட்டார் போட்டு இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும், ஒருமுறை ஏறினால் இலேசில் இறங்காது. தீவுகளில் அந்தப் படை இன்னும் மெல்லியது. நெடுந்தீவில் சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகள் நன்னீருக்குப் பேர்போனவை. மற்றப் பல இடங்களில் உவர்தான். குளிக்கலாம், தலைமயிர் பனந்தும்பு மாதிரி நிற்கும். குடிக்க ஆர்.ஓ. சுத்திகரிப்புத் தண்ணீரையும் பௌசர் என்னும் தண்ணீர் வண்டியையும் நம்ப வேண்டும். சித்திரை, வைகாசி கடந்து மழை பிந்தினால் குதிரைகள்கூடத் தண்ணீருக்குத் தவிக்கும். பட்டியில் மாடுகள் எலும்பும் தோலுமாக நிற்கும். கலண்டரில் வரும் குதிரைப் படங்கள் மாரி முடிந்து புல் பச்சையாக இருக்கும்போது எடுத்தவை.

காணி பார்க்கப் போகிறவர்கள் உறுதிப்பத்திரத்தைப் பார்க்கும் முன் கிணற்றைப் பாருங்கள், அதுவும் ஆவணி மாதத்தில். மாசி மாதத்துக் கிணறு எல்லோருக்கும் இனிக்கும். வீடு கட்டினால் கூரைநீரைச் சேர்க்கும் தொட்டியை வரைபடத்திலேயே போட்டுவிடுங்கள். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும்.

மின்சாரம், இணையம்? வீட்டிலிருந்தே வேலை செய்ய நினைக்கிறேன்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் பிரதான மின்கம்பி வலையோடு இணைக்கப்படாதவை. டீசல் மின்பிறப்பாக்கியில்தான் காலம் ஓடியிருக்கிறது. டீசலும் கடல் தாண்டி வருவதுதான். இந்த மூன்று தீவுகளுக்குமான சூரிய, காற்று மின் திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது, திட்டம் கைமாறியது, இந்திய நன்கொடையில் செய்வதற்கான ஒப்பந்தம் 2024 மார்ச்சில் கைச்சாத்தானது. மூன்று தீவுக்கும் சேர்த்து 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்று மின்சாரம், மின்கலத் தொகுதி என்பது திட்டம். எங்கள் வீட்டு மின்விசிறி சுழல்வதற்கு இரண்டு வல்லரசுகள் சண்டை பிடித்தன என்று தீவில் பகிடி விடுவார்கள்.

திட்டம் திட்டமாக இருக்கட்டும். வீட்டிலிருந்து வேலை என்றால் உங்கள் கூரையில் சொந்தச் சூரியத் தகடும் மின்கலமும் வேண்டும். கைத்தொலைபேசி இணைப்பு வீட்டுக்கு வீடு மாறும். முற்றத்தில் நாலு கோடு காட்டும், அறைக்குள் ஒன்று. வாடகைக்கு எடுக்கும் முன் அந்த அறையிலேயே உட்கார்ந்து ஒரு காணொளி அழைப்பு எடுத்துப் பாருங்கள்.

காணி வாங்குவது எப்படி? விலை மலிவு என்கிறார்களே?

மலிவுதான். ஏன் மலிவு என்பதற்குத்தான் நீளமான பதில் தேவைப்படுகிறது.

இங்கே காணியைப் பரப்புக் கணக்கில் பேசுவோம். 10 பேர்ச் ஒரு பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர். “பத்துப் பரப்பு வளவு, மதில் கட்டியது, பனை நாற்பது” என்று தரகர் சொல்வார். அவர் சொல்லாமல் விடுவது, அந்தப் பத்துப் பரப்புக்கும் எத்தனை பேர் உரித்தாளர்கள் என்பது. 1990களின் தொடக்கத்தில் போரில் தீவுப்பகுதி இடம்பெயர்ந்தது. சனம் வன்னிக்கும் கொழும்புக்கும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் சிதறியது. காணிகள் பிரிபடாத பங்குகளாகவே கிடக்கின்றன. பாட்டியின் சீதனக் காணியில் எட்டில் ஒரு பங்கு ஒருவருக்கு, அவர் சுவிசில் இறந்து மூன்று பிள்ளைகள், அதில் ஒருவரிடம் பேச்சுவார்த்தை இல்லை.

இதற்கு மேல் தேசவழமை. வட மாகாணத் தமிழர்களின் காணிக்கு இந்தச் சட்டம் பொருந்தும். இரண்டு விடயங்களை மனதில் வையுங்கள். ஒன்று, கூட்டு உரித்தாளரில் ஒருவர் தம் பங்கை வெளியாளுக்கு விற்க முற்பட்டால், மற்றப் பங்காளிகளுக்கும் உரித்துள்ள வாரிசுகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அதைத்தான் வகைப்படுத்துகிறது. முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் வாங்கினால் பிறகு நீதிமன்றம் ஏற வேண்டி வரலாம். மற்றது, மணமான பெண் தன் பெயரில் இருக்கும் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911இல் வந்த சட்டம், உறுதி எழுதும் நொத்தாரிசு இன்றும் கேட்பார். இது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். என் பெயரில் இருந்த இரண்டு பரப்பை விற்க, என் கணவர் கையெழுத்து வைத்தபோது சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

பத்து ஆண்டுகள் தடையில்லாமல் ஆட்சி செய்தவர் உரிமை கோரலாம் என்ற சட்டமும் இருக்கிறது. ஆகவே உறுதியில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதோடு, வளவுக்குள் யாருடைய ஆடு கட்டியிருக்கிறது என்பதையும் பாருங்கள். உங்கள் சார்பில் வேறொரு நொத்தாரிசைப் பிடித்து, காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுப் பதிவாவது தேடச் சொல்லுங்கள். விற்பவரின் நொத்தாரிசையே நம்பினால் அவரும் நல்லவராகத்தான் பேசுவார். முத்திரை வரி முதல் ஒரு லட்சம் ரூபாவுக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். அதையும் கணக்கில் சேருங்கள்.

எனக்கு வேண்டப்பட்ட ஒருவர் தீவுப்பகுதியில் வளவு ஒன்றை வாங்கி, மதில் பூசி, கிணறு இறைத்து, பால் காய்ச்சிக் குடிபுகுந்த அதே மாதம், “என் பங்கு எங்கே?” என்று பாரிசிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. ஆறு ஆண்டுகளாக வழக்கு நடக்கிறது. அவரோ அந்தப் பாரிஸ்காரரோடு இப்போது பொங்கல் வாழ்த்துப் பரிமாறும் அளவுக்கு நெருக்கமாகிவிட்டார்.

எனக்கு வெளிநாட்டுக் குடியுரிமை. வாங்க முடியுமா?

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணி கைமாற்ற முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. பெற்றோரிடமிருந்து வழியுரிமையாக, நன்கொடையாக அல்லது மரணசாசனத்தால் நெருங்கிய வாரிசுக்கு வருவதற்கும் விலக்கு உண்டு. மற்றவர்களுக்குக் குத்தகைதான், 99 ஆண்டுவரை எடுக்கலாம். அம்மாவின் காணி உங்களுக்கு வரவிருக்கிறதென்றால், அம்மா இருக்கும்போதே எழுதிவிடுங்கள். “பிறகு பார்க்கலாம்” என்பதால்தான் மேலே சொன்ன எட்டில் ஒரு பங்குக் கதைகள் உண்டாகின்றன.

நிரந்தரமாகத் தங்கும் விசாவும் வேறு விடயம். 55 வயதைக் கடந்த வெளிநாட்டவருக்கு வைப்புப் பணத்தின் பேரில் வதிவிட விசாத் திட்டம் இருக்கிறது. தொகைகள் மாறுகிறவை, குடிவரவுத் திணைக்களத்தில் அன்றைய நிலவரத்தைக் கேளுங்கள்.

கடற்கரையோரமாகவே வீடு கட்டலாமா?

நினைத்த இடத்தில் கட்ட முடியாது. கரையிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர்வரை கரையோர வலயம். 1981இன் கரையோரம் பேணல் சட்டப்படி அனுமதி வேண்டும். தீவின் தென்பக்கம் குதிரைகள் மேயும் வெளி பலருக்குக் கண்ணில் நிற்கும். 2015இல் அங்கே 1,800 ஹெக்டேயருக்கு மேல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்துவிட்டார்கள். அங்கே காணி காட்டுகிறவர் யாராயிருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கட்டடச் செலவு?

யாழ்ப்பாணத்து மேசன் தரும் மதிப்பீட்டை எடுத்துக்கொண்டு, சீமெந்து, கம்பி, மணல், ஓடு ஒவ்வொன்றையும் லொறியில் ஏற்றி, இறக்கி, படகில் ஏற்றி, இறக்கி, மறுபடி உழவு இயந்திரத்தில் ஏற்றும் கூலியைச் சேருங்கள். மேசனுடைய தங்குமிடமும் சாப்பாடும் உங்கள் தலையில். கடல் அடித்தால் அவருக்கு வேலை இல்லை, கூலி உண்டு.

முருகைக்கல் மதில்களைப் பார்த்துவிட்டு “அதே கல்லில் வீடு கட்டலாமே” என்று கேட்கிறார்கள். சாந்து இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய அந்த வேலிகள் தீவுக்காரரின் கைத்திறமை. காற்று கல் இடுக்கால் புகுந்து போவதால் சோளகத்துக்கும் விழாமல் நிற்கின்றன. புதிதாக முருகைக்கல் எடுப்பது சட்டவிரோதம். பழைய வீடு ஒன்றை வாங்கித் திருத்துவது எல்லா வகையிலும் நல்லது.

விருந்தினர் விடுதி நடத்திப் பிழைக்கலாமா?

பயணிகள் வருகிறார்கள், உண்மை. ஆனால் வந்த படகிலேயே திரும்புகிறார்கள். ஆட்டோக்காரருக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் காசு விழும், அறைக்கு விழாது. பாடசாலை விடுமுறை, போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாட்களில் தெற்கிலிருந்து வரும் சனம் பெரும்பாலும் நயினாதீவு விகாரையோடு திரும்பிவிடும். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் புலம்பெயர்ந்தவர்கள் ஒரு நாள் எட்டிப் பார்ப்பார்கள். மற்ற மாதங்களில் மேசைவிரிப்பைத் தூசு தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஓய்வூதியமோ வேறு வருமானமோ இருந்து, பக்கத்தில் இரண்டு அறை வைத்திருப்பது நல்ல பொழுது. அதையே பிழைப்பாக நம்பிக் கடன் எடுக்காதீர்கள்.

குதிரை பிடித்து வளர்க்கலாமா?

முடியாது. அதன் பின்பக்கம் நிற்கவும் வேண்டாம்.

பிள்ளைகளின் படிப்பு?

சிறு வகுப்புகளுக்குக் கவலையில்லை. ஆசிரியர்களுக்குப் பிள்ளைகளின் வீடு, வளவு, ஆடு எல்லாம் தெரியும். அப்படிப்பட்ட கவனம் பட்டினத்தில் கிடைக்காது. ஆனால் ஆசிரியர் தங்குவதில்லை என்பதுதான் தீராத நோய். கட்டாய சேவைக்கு வருகிறவர் வந்த நாளிலிருந்தே நாள் எண்ணுவார், நானும் எண்ணினேன். உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் என்றால் பிள்ளையை யாழ்ப்பாணத்தில் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ விட்டாக வேண்டும். பல குடும்பங்கள் அந்தக் கட்டத்தில்தான் தீவை விட்டு வெளியேறுகின்றன. முதலில் பிள்ளை போகும், பிறகு தாய் சமைத்துக் கொடுக்கப் போவார், கடைசியில் தகப்பன் கதவைப் பூட்டுவார்.

சாப்பாடு, கடைகண்ணி?

மீன், நண்டு, கணவாய் ஆகியவற்றில் குறையில்லை. ஆட்டிறைச்சி, பனங்கிழங்கு, ஒடியற்கூழ், காலத்துக்குக் கள்ளு. மரக்கறி பெரும்பாலும் படகில்தான் வரும். கீரை வாடி வரும், தக்காளி நசிந்து வரும். கத்தரி, வெண்டி நாலு செடி நட்டுக்கொள்ளுங்கள், ஆடு ஏறாத வேலியோடு.

பாதுகாப்பா? தனியாக இருக்கும் பெண்ணுக்கு, முதியவருக்கு?

எட்டு ஆண்டும் விடுதியில் கதவைத் தாழிடாமல் தூங்கிய இரவுகள் எனக்கு நிறைய. யார் வீட்டுக்கு யார் போகிறார் என்பது ஊருக்கே தெரிந்த இடத்தில் அது ஒரு பாதுகாப்பு. சிலருக்கு அதுவே மூச்சுமுட்டலும்கூட. மறுபக்கத்தையும் மறைக்க முடியாது. 2023 ஏப்ரலில் துறைக்கு அண்மையில் ஒரு வீட்டில் இருந்த முதியவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு தீவு முழுவதும் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வந்தது. வெளிநாட்டுப் பணமும் நகையும் இருப்பதாக ஊர் நினைக்கும் வயதானவர்கள், ஆளில்லாத வளவுகளுக்கு நடுவில் தனியாக இருக்க வேண்டாம். விளக்கு எரியும் வீடு கூப்பிடு தூரத்தில் குறைந்தது இரண்டு இருக்கிற இடமாகப் பாருங்கள்.

ஊர்ச்சனம் ஏற்றுக்கொள்வார்களா?

விருந்தாளியாக உடனே ஏற்றுக்கொள்வார்கள். ஊராளாக எடுக்க நாள் பிடிக்கும். முதல் கேள்வி “எந்த ஊர், யாருடைய ஆள்?” என்பதுதான், அது பாசமாகவும் இருக்கும், சாதி அறியும் துருவலாகவும் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய உங்களுக்கே தெரியும். கோவில் திருவிழாவுக்கும் செத்தவீட்டுக்கும் போங்கள். செத்தவீட்டுக்குப் போகாதவரை நீங்கள் சுற்றுலாப் பயணிதான். கடற்றொழிலாளரோடு பேசும்போது இந்திய இழுவைப் படகுகளைப் பற்றிக் கேட்டால் ஒரு மாலைப்பொழுது முழுக்கக் கேட்கலாம். வலை அறுபட்டவருடைய கோபம் அது, விவாதத்துக்குப் போகாதீர்கள்.

நயினாதீவு எப்படி?

குறிகட்டுவானிலிருந்து இருபது நிமிடத்துக்குள், படகுகளும் அடிக்கடி. நாகபூசணி அம்மனிடம் நம்பிக்கை உள்ளவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. தீவு சின்னது. ஆனி மாதத் திருவிழாவில் உங்கள் முற்றத்திலும் சனம் படுத்திருக்கும். அதைச் சுமையாக நினைக்கிறவர் அங்கே போக வேண்டாம்.

தீவாகவும் இருக்க வேண்டும், படகும் வேண்டாம் என்றால்?

அப்படியானால் சரியான இடத்தில்தான் கேட்கிறீர்கள். மண்டைதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகியவற்றுக்குத் தரைவழியே போகலாம். காரைநகருக்குப் பொன்னாலைப் பாலம். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவை ஓடுகிறது. மோட்டார் சைக்கிளையும் ஏற்றலாம்.

கசூரினாக் கடற்கரை காரைநகரில், சாட்டி வேலணையில். குளிப்பதற்கு நெடுந்தீவைவிட இரண்டும் நல்லவை. புங்குடுதீவில் பெரிய பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கூரையால் ஆலமரம் எட்டிப் பார்க்கும் வீடுகளும் உண்டு. சொந்தக்காரர் பிரான்சிலும் கனடாவிலும் இருப்பார், காவலுக்காவது ஆள் இருக்கட்டும் என்று குறைந்த வாடகைக்குக் கொடுப்பார். வேலணையிலிருந்து யாழ்ப்பாண வைத்தியசாலைக்கு அரை மணி நேரம். தண்ணீர்ப் பிரச்சினை இங்கேயும் இருக்கிறது, அதில் ஏமாற வேண்டாம்.

தங்கிப் பார்ப்பதென்றால் எப்போது வருவது?

தை, மாசியில் வராதீர்கள். அப்போது எல்லாமே அழகு: கடல் தட்டையாக, புல் பச்சையாக, கிணறு நிறைய. ஆனியில் ஒரு பத்து நாள், சோளகம் வீசும்போது. புரட்டாதியில் ஒரு பத்து நாள், கிணறு வற்றியிருக்கும்போது. கார்த்திகையில் ஒரு வாரம், மழையில். மூன்றுக்கும் விடுதி அறை வேண்டாம், வாடகை வீடு எடுத்து நீங்களே சமைத்து, நீங்களே தண்ணீர் பிடித்து இருங்கள். கார்த்திகையில் படகு நின்ற இரண்டாம் நாள் உங்கள் மனைவியோ கணவரோ என்ன சொல்கிறார் என்பதைக் கவனமாகக் கேளுங்கள். இருவரில் ஒருவருக்கு மட்டும் பிடித்திருந்தால் அது பிடிக்கவில்லை என்றே கணக்கு.

இவ்வளவு சொல்கிற நீங்கள் ஏன் திரும்பிப் போகவில்லை?

என் கணவருக்கு மாதத்தில் இரண்டு புதன்கிழமை யாழ்ப்பாணத்தில் கிளினிக். அதனால் வேலணை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிலவேளை பஸ் ஏறிக் குறிகட்டுவான்வரை போகிறேன். நெடுந்தீவுப் படகு வந்து கட்டும்போது பழைய மாணவர்களில் யாராவது ஒருவர் அதில் வருவார். “ரீச்சர், அம்மா தந்துவிட்டவ” என்று ஒரு பனங்கட்டிக் குட்டானை நீட்டுவார். அதை வாங்கிக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்புகிறேன்.